பதினாலாம் நம்பர் அறையில் நான் இருக்கிறேனாம்

அரண்மனைக்குள்ள நான் இன்னும் இருக்கேன்னு நியூஜெர்சியில ஒரு ஆபீஸ் ரெக்கார்டு சொல்லுது. வெளியே வந்து எத்தனையோ நாளாச்சுன்னு நான் சொல்றேன். யார் சொல்றது சரின்னு இப்ப எனக்கே கொஞ்சம் சந்தேகமா இருக்கு.

என் பேர் ஞானசீலன். சொந்த ஊர் பாளையங்கோட்டை, குடியிருக்கிறது அந்த நியூஜெர்சியிலயே பிளெய்ன்ஸ்பரோ. கம்ப்யூட்டர்ல தேதி திருத்துறதுதான் வேலை. ரெண்டாயிரமாவது வருஷம் பிறந்தா மெஷினுக்கெல்லாம் புத்தி கெட்டுப்போகும்னு பயந்து, ஒரு மருந்து கம்பெனி என்னை உக்கார வச்சு, தொண்ணூத்தெட்டுன்னு இருக்கிற இடத்துல எல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தெட்டுன்னு மாத்தச் சொல்லியிருந்தது. ஒரு நாளைக்கு முன்னூறு தேதி திருத்துவேன். மனைவி ஜெயலீலா ஊர்ல ஸ்கூல் டீச்சர். பொண்ணு ஜோவானாவுக்கு நான் கிளம்பும்போது ஒரு வயசு, இப்ப மூணு. அடுத்த குவார்ட்டர்ல, அதாவது அடுத்த மூணு மாசத்துல, ஃபேமிலியைக் கூட்டிக்கலாம்னு என்னை இங்க அனுப்பின கன்சல்டிங்காரன் ஏழு குவார்ட்டரா சொல்லிட்டிருந்தான். கடைசியில மூணு வாரம் லீவ் மட்டும் கிடைச்சது. டிசம்பர் பதினெட்டுக்கு டிக்கெட் போட்டாச்சு.

அதுக்கு முன்னாடி தேங்ஸ்கிவிங் வந்தது, இங்க அவனவன் குடும்பத்தோட சேர்ந்து சாப்பிடப் போற நாலு நாள் லீவ். எங்க காம்ப்ளெக்ஸ்ல நூத்துக்கணக்கான வீடு. அன்னிக்குப் பார்க்கிங் லாட்ல நான் எண்ணினப்போ பதினோரு கார். புதன்கிழமை சாயங்காலம் ஆபீஸ் லிஃப்ட்ல ஒருத்தர் "ஹேப்பி தேங்ஸ்கிவிங்"னார், நானும் "சேம் டு யூ"ன்னேன். அதுக்கப்புறம் சனிக்கிழமை காலை வரைக்கும் என் குரலை நானே கேக்கலை. பயமா இருந்தது. பாத்ரூம்ல நின்னு "ஞானசீலன், ஞானசீலன்"னு ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கிட்டேன்.

அந்த நேரத்துலதான் மேல் வீட்டுப் பத்மநாபன் கதவைத் தட்டினார்.

"பாஸ், பிரிட்ஜ்வாட்டர் கோவிலுக்கு டிரைவ் பண்றேன். வழியில ஒரு அரண்மனை மியூசியம் இருக்கு. உங்களை அங்க டிராப் பண்ணிட்டு, நாலரைக்குப் பிக்கப் பண்ணிக்கட்டுமா? சும்மா சுவத்தைப் பார்த்துட்டு உக்காந்திருக்கிறதுக்கு ராஜா வீட்டுச் சுவத்தையாவது பாருங்க."

ஐரோப்பாவுல ஏதோ ஒரு சக்கரவர்த்தி கட்டின அரண்மனையாம். சாம்ராஜ்யம் கவுந்ததும், சட்டை பட்டன் வித்தே கோடீஸ்வரனான ஒரு நியூஜெர்சி முதலாளி அதை வாங்கி, கல்லுக் கல்லா நம்பர் போட்டுப் பிரிச்சு, கப்பல்ல கொண்டாந்து, சோளக்காட்டுக்கு நடுவுல திரும்பக் கட்டியிருக்கார். நம்பர் கொஞ்சம் இடம் மாறிப்போச்சு. அதனால மகாராணி படுக்கையறைக்குக் குதிரைலாயம் வழியாத்தான் போகணும். இப்ப அதுக்குள்ள மூணு மியூசியம் நடக்குது. ஒண்ணு சக்கரவர்த்தி மியூசியம், ஒண்ணு பட்டன் மியூசியம், மூணாவது இந்த மியூசியங்கள் எப்படி வந்ததுங்கிற வரலாற்றைச் சொல்ற மியூசியம். மூணாவதுதான் இருக்கிறதுலயே பெரிசு.

வாசல் கவுன்ட்டர்ல ஒரு அம்மா. வெள்ளை முடி, மூக்குக் கண்ணாடிக்குச் சங்கிலி, மார்ல "வரவேற்பு: மிஸஸ் வான்டர்வீர்"னு ஒரு பேட்ஜ். கழுத்துல மாட்டிக்க, அறை அறையா விளக்கம் சொல்ற ஒரு காசட் பிளேயரைக் கொடுத்து, அதுக்கு டெபாசிட்டா ஏதாவது ஐடி கேட்டாங்க. இங்க ஐடின்னா டிரைவிங் லைசென்ஸ், நான் அந்த டெஸ்ட்ல மூணு தடவை ஃபெயில். நம்மகிட்ட இருக்கிற ஒரே ஐடி பாஸ்போர்ட். அதைக் கொடுத்தேன். டிராயர்ல போட்டுப் பூட்டினாங்க.

உள்ளே என்னைத் தவிர ஒரு ஈ காக்கா கிடையாது. எல்லா அறையிலயும் நாற்காலி, எல்லா நாற்காலியிலயும் உக்காராதேன்னு ஒரு அட்டை. கால் கடுத்து, பார்வையாளர் உக்கார ஒரு பெஞ்சாவது இருக்கான்னு அங்க நின்ன காவலாளிகிட்ட கேட்டேன். இருக்கேன்னு கூட்டிட்டுப் போய்க் காமிச்சார். அதைச் சுத்தியும் கயிறு கட்டியிருந்தது. 1931-ல பார்வையாளருக்குன்னு போட்ட பெஞ்ச், இப்ப அதுவே பழம்பொருள் ஆயிருச்சாம். காவலாளி உக்கார்ற ஸ்டூலுக்கும் அடுத்த வருஷம் அந்தக் கௌரவம் வரப்போகுதுன்னு அவர் கவலையாச் சொன்னார்.

ஆனா காசட் நல்லா இருந்தது, பொய் சொல்லக் கூடாது. "இப்போது இடது பக்கம் பாருங்கள்"னு ஒரு ஆள் மெதுவாச் சொல்வார். கொஞ்ச நேரம் விட்டு, "நல்லது"ம்பார். நான் பார்த்தாலும் நல்லது, பார்க்கலைன்னாலும் நல்லது. பதினாலாம் நம்பர் அறை, அதாவது சிம்மாசன அறை. அங்க அந்த ஆள் என்கிட்ட ஆறு நிமிஷம் விடாமப் பேசினார். ரெண்டு தடவை ரீவைண்ட் பண்ணிக் கேட்டேன். சிம்மாசனம் யாருக்கு வேணும்? எவனோ ஒருத்தன் என்னைப் பார்த்துப் பேசறானே, அது போதும்னு இருந்தது.

நாலரைக்கு வெளியே பத்மநாபன் ஹாரன் அடிச்சார். ஓடி வந்து காசட்டைக் கொடுத்தேன்.

"கிளம்பறீங்களா?"ன்னு மிஸஸ் வான்டர்வீர் கேட்டாங்க.

நம்ம வாய் என்ன சொல்லும்? எந்த வீட்டை விட்டுக் கிளம்பினாலும் "போறேன்"னு சொல்றது கிடையாது. "போயிட்டு வர்றேன்"தான். அதை அப்படியே இங்கிலீஷ்ல போட்டேன். "யெஸ் மேடம். ஐ வில் கோ அண்ட் கம்."

அவங்க ஒரு மஞ்சள் ஃபாரம் எடுத்து ஏதோ எழுதிட்டு, என் கையைப் பிடிச்சு மணிக்கட்டுல கிரீடம் போட்ட ஒரு முத்திரை குத்தினாங்க. அரண்மனைக்கு வந்தவங்களுக்கு இது ஒரு மரியாதை போலன்னு நினைச்சு, குளிக்கும்போது கூட அழியாமப் பார்த்துக்கிட்டேன். போயிட்டுத் திரும்ப உள்ளே வர்றவங்களுக்குக் குத்துற முத்திரைன்னு தெரியாத முட்டாள்.

திங்கக்கிழமை ஜெயலீலா போன்ல கேட்டா: "ஏங்க, பாஸ்போர்ட்டை எடுத்துக் கைப்பையில வச்சிட்டீங்களா? கடைசி நேரத்துல தேடாதீங்க. ஜோவானா தினமும் காலண்டர்ல தாள் கிழிக்கிறா. நாலு நாள் சேர்த்துக் கிழிச்சா அப்பா சீக்கிரம் வந்திருவாங்களான்னு கேக்கிறா."

அப்பத்தான் உறைச்சது, பாஸ்போர்ட் இன்னும் அந்த அம்மா டிராயர்லதான் இருக்கு. மறுநாள் காலையில முதல் வேலையா மியூசியத்துக்குப் போன் பண்ணினேன், அதே அம்மாதான் எடுத்தாங்க. பேரைச் சொன்னேன், ஸ்பெல்லிங் சொன்னேன், தாள் புரட்டற சத்தம் கேட்டது.

"ஆமா சார். உள்ளே இருக்கீங்க."

"என்னது?"

"உங்க பார்வையிடல் இன்னும் முடியலை. பதினாலாம் நம்பர் அறையில இருக்கீங்க. அதுக்கப்புறம் உங்க டேப் ஓடலை."

"மேடம், நான் பிளெய்ன்ஸ்பரோவுல இருந்து பேசறேன்."

"தயவுசெஞ்சு மெதுவாப் பேசுங்க. அரண்மனைக்குள்ள போன் பேச அனுமதி இல்லை."

வெள்ளிக்கிழமை ஒரு கடிதம் வந்தது. தங்கக் கிரீடம் போட்ட காகிதம். ஆறு நாளா நான் அரண்மனைக்குள்ள இருக்கிறதாகவும், சக்கரவர்த்திக்குப் பிறகு இவ்வளவு நாள் யாரும் தங்கினதில்லைன்னும், என் ஆர்வத்தைப் பாராட்டறதாகவும், ஆனாலும் கட்டில்கள்ல படுக்க வேண்டாம்னும் எழுதியிருந்தது.

டிசம்பர் பன்னிரண்டு, சனிக்கிழமை. பத்மநாபன் கோவிலை விட்டுட்டு என்னை அரண்மனைக்குக் கூட்டிட்டுப் போனார். கவுன்ட்டர்ல அதே அம்மா.

"உங்களை உள்ளே விட முடியாது"ன்னாங்க.

"ஏன்?"

"நீங்க ஏற்கனவே உள்ளே இருக்கீங்க."

"சரி, வெளியே போற வழியிலயே வந்து வாங்கிக்கிறேன்."

"அது உள்ளே இருந்து வர்றவங்களுக்கு. நீங்க வெளியே இருந்து வர்றீங்க."

பத்மநாபன் தலையில கை வச்சிக்கிட்டார். இதுக்கு யாரைப் பார்க்கணும்னு கேட்டோம். பார்வையாளர் தொடர்ச்சி இலாகா, வலது பக்கம் ரெண்டாவது கதவுன்னாங்க. போய்த் தட்டினோம். யாரும் இல்லை. ரெண்டு நிமிஷம் கழிச்சு உள் வழியா மூச்சு வாங்க மிஸஸ் வான்டர்வீரே வந்து, வரவேற்பு பேட்ஜைக் கழட்டி, "தொடர்ச்சி அதிகாரி"ன்னு வேற பேட்ஜ் குத்திக்கிட்டு, நாற்காலியில உக்காந்து, "வணக்கம், நான் மிஸஸ் வான்டர்வீர். என்ன விஷயமா வந்திருக்கீங்க?"ன்னு கேட்டாங்க. விளையாட்டெல்லாம் இல்லை. நிஜமாவே கேட்டாங்க. நானும் முதல்ல இருந்து சொன்னேன்.

முழுக்கக் கேட்டுட்டு, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க.

"சார், எழுபது வருஷமா இந்த அரண்மனை ஒரே கொள்கையில நடக்குது. உள்ளே வந்த எதுவும் பதிவு இல்லாம வெளியே போகாது. கரண்டிக்கும் அதுதான் விதி, மனுஷனுக்கும் அதுதான் விதி. போன வருஷம் நானூத்திப் பன்னிரண்டு பேர் வந்தாங்க. அவ்வளவு பேரும் தரையில நடந்தாங்க, சார். சுவாசிச்சாங்க. 1974-ல ஒருத்தர் கூட வரலை. எங்க வருடாந்தர அறிக்கையில அந்த வருஷத்தைப் பொற்காலம்னு போட்டிருக்கோம். இருந்தாலும் மக்கள் வந்து பார்க்கணும்னுதான் இந்த இடத்தையே வச்சிருக்கோம். அதுல எங்களுக்கு மாற்றுக் கருத்தே கிடையாது."

"மேடம், வர்றவங்க எல்லாரும்தான் 'சீ யூ அகெய்ன்'னு சொல்லிட்டுப் போறாங்க. அவங்க எல்லாரும் உள்ளேயா இருக்காங்க?"

"அது வெறும் மரியாதை. நீங்க ஒவ்வொரு வார்த்தையாச் சொன்னீங்க. கோ, அண்ட், கம். ரெண்டு செயல். ஒண்ணு முடிஞ்சது, ஒண்ணு பாக்கி."

"எங்க மொழியில இதுவும் மரியாதைதான் மேடம்."

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாங்க. "அப்படின்னா உங்க ஊர்ல எல்லாரும் வர்றேன்னு சொல்லிட்டு வராமலே இருந்திருவாங்களா?"

சுருக்குன்னு இருந்தது. "வருவோம்"னேன்.

"எப்போ?"

நான் பத்மநாபனைப் பார்த்தேன். பத்மநாபன் கார்ப்பெட்டைப் பார்த்தார்.

இதுக்கு ஒரே வழி இறுதி வெளியேற்ற உறுதிமொழின்னு சொல்லி ஒரு அட்டையை நீட்டினாங்க. அதை அதிகாரி முன்னாடி எழுந்து நின்னு சத்தமாப் படிக்கணும். ஒரே வரிதான். நான் போகிறேன், திரும்ப வர மாட்டேன்.

"அவ்வளவுதானே பாஸ், சொல்லித் தொலைங்க"ன்னார் பத்மநாபன். "அடுத்த வெள்ளி ஃப்ளைட்!"

நான் எழுந்து நின்னேன். சகுனம் பார்க்கிறது பாவம்னு எங்க திருச்சபையில சொல்லிக் கொடுத்திருக்காங்க, நான் பார்க்கிற ஆளும் இல்லை. ஆனா வாசல்ல நின்னு "போறேன்"னு சொன்னா எங்கம்மா வாய் மேலேயே போடுவாங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல, ஜெயலீலா தோள்ல தூங்கிட்டிருந்த புள்ளை காதுல "அப்பா போயிட்டு வர்றேன்"னு சொல்லிட்டு வந்தவன் நான். அந்த வார்த்தை இன்னும் பாக்கி நிக்குது. ஊருக்குக் கிளம்ப ஆறு நாள் இருக்கும்போது, போறேன், வர மாட்டேன்னு ஒரு அரண்மனைக்கு நடுவுல நின்னு சொல்லுன்னா எப்படிச் சொல்றது? வாயைத் திறந்தேன். காத்துதான் வந்தது. கண்ணு கலங்கிருச்சு. வெக்கமாப் போச்சு.

மிஸஸ் வான்டர்வீர் அட்டையைத் திரும்ப வாங்கி வச்சாங்க. அப்புறம் ஒரு தடியான விதிப் புஸ்தகத்தைப் புரட்டினாங்க. பார்வையிடல் முடியாத நிலையில டெபாசிட்டைத் திரும்பத் தரலாமாம். ஆனா அதே அளவு முக்கியமான வேற ஒரு பொருளை வைக்கணும், திரும்பி வர்ற தேதியையும் தரணும்.

பர்ஸைத் துழாவினேன். ஜோவானாவோட முதல் பிறந்தநாள் போட்டோ இருந்தது. என்கிட்ட இருக்கிற ஒரே பிரதி. மேஜை மேல வச்சேன்.

அவங்க வெள்ளைக் கையுறை மாட்டிக்கிட்டு, ஸ்கேல் வச்சு அளந்து, வாய்விட்டுப் படிச்சுக்கிட்டே எழுதினாங்க. "பெண் குழந்தை. உட்கார்ந்த நிலை. கோபமாக இருக்கிறது. கம்பளித் தொப்பி. இரண்டு பற்கள். வலது மூலை மடங்கியது." நிறுத்திட்டு, "தேதி?"ன்னாங்க.

லீவ் முடிஞ்சு வர்ற அடுத்த ஞாயிறு. "ஜனவரி பதினேழு"ன்னேன். பாஸ்போர்ட் கைக்கு வந்தது.

ஊர்ல ஜெயலீலா கொஞ்சம் இளைச்சிருந்தா. ஜோவானா முதல் நாள் பூரா அம்மா சேலைக்குப் பின்னாடி நின்னா. ரெண்டாம் நாள் காலையில என்கிட்ட வந்து, விரலைப் பிடிச்சு, "வாங்க, எங்க வீட்டைக் காமிக்கேன்"னா. அறை அறையாக் கூட்டிட்டுப் போனா. "இது எங்க ஃபிரிட்ஜ். இது அம்மா பேப்பர் திருத்துற மேசை, தொடக் கூடாது. இங்க பாருங்க. இல்ல, இந்தப் பக்கம்." நான் இந்தப் பக்கம் பார்த்தேன். "ம்ம்"னா.

முன் ரூம்ல என் பிரம்பு நாற்காலி. அது மேல மடிச்ச துண்டு.

"இது அப்பா சேர். யாரும் உக்காரக் கூடாது. அம்மா சொல்லியிருக்காங்க."

"நான் உக்காரலாமா?"

தலையைச் சாய்ச்சு என்னை மேலும் கீழும் பார்த்தா. "கூடாது"ன்னா. கதவுக்கிட்ட நின்ன ஜெயலீலா முகத்தைத் திருப்பிக்கிட்டா. கடைசி வாரம் அவளே துண்டை எடுத்துட்டு, உக்காருங்கன்னா. அதுக்குள்ள லீவ் தீர்ந்துபோச்சு.

திருவனந்தபுரத்துல கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு, "அப்பா போயிட்டு வர்றேன்"னேன். இந்தத் தடவை முழிச்சிட்டிருந்தா. அழலை.

"எப்ப?"ன்னு கேட்டா.

அடுத்த குவார்ட்டர்னா புள்ளைக்கு என்ன புரியும்? ஜெயலீலாவைப் பார்த்தேன். அவளும் என் வாயைத்தான் பார்த்துட்டிருந்தா. ஒரு நாளைக்கு முன்னூறு தேதி எழுதறவனுக்கு ஒரு தேதி வரலை. பின்னாடி யாரோ டிராலியால இடிச்சாங்க, உள்ளே போயிட்டேன்.

ஜனவரி பதினேழு, காலை பத்தரைக்குப் பத்மநாபன் என்னை அரண்மனை வாசல்ல இறக்கிவிட்டார். பனி கொட்டிக் கிடந்தது. கவுன்ட்டர்ல மிஸஸ் வான்டர்வீர் பெரிய ரிஜிஸ்டரைத் திறந்தாங்க. தலைகீழாத்தான் தெரிஞ்சது, ஆனாலும் படிச்சேன். "வருவதாகச் சொன்னவர்கள்"னு ஒரு வரிசை, "வந்தவர்கள்"னு ஒரு வரிசை. முதல் வரிசையில பக்கம் பக்கமாப் பேர், எல்லாம் நம்ம ஊர்ப் பேர்தான். திருமூர்த்தி, மகாதேவன், அனந்தலக்ஷ்மி. ரெண்டாவது வரிசை சுத்தமாக் காலி. என் பேருக்கு நேரா அவங்க ஒரு டிக் போட்டாங்க. போட்டுட்டு, "வந்துட்டீங்க"ன்னாங்க. அந்த டிக்கை ஒரு தடவை விரலால தொட்டுப் பார்த்தாங்க. உடனே நிமிர்ந்து உக்காந்து, ரெண்டாவது கதவுக்குப் போகச் சொன்னாங்க.

போனேன். பேட்ஜ் மாறிச்சு. வெல்வெட் தட்டுல போட்டோ வந்தது. மூலையில நூல் கட்டி ஒரு சீட்டு: பெண் குழந்தை, காலம் 1996, இரவல்.

"நீங்க விட்டுட்டுப் போனப்போ எப்படி இருந்ததோ அப்படியே இருக்கான்னு நல்லாப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க"ன்னாங்க.

நல்லாவே பார்த்தேன். அதே தொப்பி, அதே கோபம், அதே ரெண்டு பல். ஊர்ல இருக்கிறவளுக்கு வாய் நிறையப் பல், வாய் நிறையப் பேச்சு, என் இடுப்பு உயரம். ஒரு மாற்றமும் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"பதினாலாம் நம்பர் அறை காலி"ன்னு அவங்க ரிஜிஸ்டர்ல எழுதினாங்க. "இனி நீங்க கிளம்பலாம், சார்."

போட்டோவைப் பர்ஸ்ல வச்சு, கோட்டை மாட்டிக்கிட்டு, கதவைத் தள்ளினேன். காரியம் முடிஞ்சிருச்சு. சும்மா போயிருக்கலாம். ஆனா பாழாப்போன பழக்கம், அதுவா வாயில வந்தது.

"ஐ வில் கோ அண்ட் கம்."

சொல்லிட்டுத்தான் நாக்கைக் கடிச்சேன். திரும்பிப் பார்த்தா, அந்த அம்மா வரவேற்பு பேட்ஜைக் குத்தக்கூட மறந்து, மஞ்சள் ஃபாரத்தை எடுத்துப் பேனா மூடியைத் திறந்து வச்சிட்டுக் காத்திட்டிருந்தாங்க.

"எப்போ?"ன்னு கேட்டாங்க.

"பிப்ரவரி இருபத்தொண்ணு, ஞாயித்துக்கிழமை, காலை பத்தரை"ன்னேன். யோசிக்கவே இல்லை. ஜோவானாவுக்குச் சொல்ல முடியாத தேதியை யாருக்காவது சொல்லிரணும்னு இருந்தது.